சீமெந்து நிலத்தில் வினைல் டைல்ஸ் ஒட்டுவது: யாழ்ப்பாண வீடுகளுக்கு ஒரு கேள்வி பதில்

பின்பக்கத் தாளை உரித்துவிட்டு அப்படியே நிலத்தில் ஒட்டுகிற வினைல் டைல்ஸ் பற்றி உறவினரும் அயலவரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் மேசன் அல்ல. சொந்த வீட்டில் ஒரு தடவை பிழையாக ஒட்டி, உரித்து, பிறகு சரியாக ஒட்டியவன். அதற்குப் பின் தெரிந்தவர்கள் வீடுகளில் ஏழெட்டு அறைகள் செய்து கொடுத்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த அனுபவத்தோடு, டைல் பெட்டியில் அச்சிட்டிருக்கிற அறிவுறுத்தல்களைப் பொறுமையாக வாசித்ததால் தெரிந்தவை.

இது மாபிளா, ரெக்சீனா? என்ன சாமான் இது?

நாங்கள் நிலத்தில் பதிக்கிற எதையும் மாபிள் என்றுதான் சொல்கிறோம். இது கல்லும் இல்லை, சுட்ட மண்ணும் இல்லை. பிவிசி என்கிற பிளாஸ்டிக். மேலே தெளிவான ஒரு பாதுகாப்புப் படை, அதன் கீழே மரம் போலவோ கல் போலவோ அச்சடித்த படம், அடியில் பசை, பசையை மூடிய தாள். வழக்கமான அளவு 12 அங்குலச் சதுரம். பலகை மாதிரி நீட்டாக 6க்கு 36 அங்குலத்திலும் வரும். தடிப்பு பெரும்பாலும் 2 மில்லிமீற்றருக்குள்தான்.

அந்த 2 மில்லிமீற்றரை மறக்க வேண்டாம். நல்லதும் கெட்டதும் அதிலேயே இருக்கிறது. கதவின் அடியைச் சீவத் தேவையில்லை, மண் சீமெந்து குழைக்கத் தேவையில்லை, தூசி பறக்காது. ஆனால் கீழே ஒரு மணல் பருக்கை கிடந்தாலும் கொஞ்ச நாளில் மேலே புடைத்துக் காட்டும்.

மேசன் இல்லாமல் நானே ஒட்டலாமா?

ஒட்டலாம். ஒரு அறைக்கு ஒட்டுகிற வேலை ஒரு பகல்தான். நிலத்தைத் தயார் செய்வதற்குத்தான் ஒரு கிழமை போகும். மேசனைக் கூப்பிட்டாலும் இந்த ஒரு கிழமை வேலையை யார் செய்வது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பலர் கூட்டித் துடைத்துவிட்டு நேரே ஒட்டத் தொடங்கிவிடுவார்கள்.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கிணற்றை எட்டிப் பாருங்கள். பகிடி இல்லை.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மழைக்குத்தான் ஓடும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் தங்குகிறது. அதனால்தான் கோடையில் ஆழத்தில் கிடக்கிற கிணற்றுத் தண்ணீர் கார்த்திகையில் கைக்கெட்டுகிற மாதிரி மேலே வருகிறது. கிணற்றில் ஏறுகிற தண்ணீர் கிணற்றோடு நின்றுவிடாது. வீட்டுக்கு அடியிலுள்ள மண்ணும் ஊறும். சீமெந்து நிலம் கடற்பஞ்சு மாதிரி, நுண்ணிய துளைகள் வழியே அந்த ஈரத்தை மேலே இழுக்கும். பழைய வீடுகளில் நிலத்துக்கு அடியில் பொலித்தீன் விரித்துக் கொங்கிரீட் போடுகிற வழக்கம் இருக்கவில்லை. அத்திவாரத்துக்குள் மண்ணை நிரப்பி, இடித்து இறுக்கி, மேலே சீமெந்து பூசினார்கள். அவ்வளவுதான்.

வெறும் சீமெந்து நிலமாக இருக்கும்போது இது ஒரு கரைச்சலே இல்லை. மேலே வந்த ஈரம் காற்றில் போய்விடும், நமக்குத் தெரியவும் வராது. அதன் மேல் பிளாஸ்டிக்கை ஒட்டினால் ஈரம் போக வழியில்லை. பசைக்கு அடியில் தேங்கும். தேங்குகிற தண்ணீர் சீமெந்திலுள்ள காரத்தையும் கரைத்துக்கொண்டு வருவதால் பசை சளி போலக் குழைந்து, டைலின் ஓரம் மெல்ல எழும்பும்.

எனக்கு நடந்தது இதுதான். கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆவணி மாதம் ஒட்டினேன். நிலம் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். கார்த்திகை நடுவில் வாசல் பக்கம் இரண்டு டைல் நெளிந்தது. மார்கழியில் நடந்தால் சளக் சளக் என்று சத்தம். அயலிலிருந்த வயதான மேசன் ஒருவர் வந்து ஒரு டைலை விரலால் தூக்கிப் பார்த்தார். "உது நிலத்திலை ஒட்டின மாதிரி இல்லைத் தம்பி, கிணத்துக்கு மேலை ஒட்டின மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

சரி, ஈரம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பொலித்தீன் துண்டு எடுத்து, நிலத்தில் விரித்து, நாலு கரையையும் காற்றுப் புகாமல் அகலமான ஒட்டுநாடாவால் ஒட்டி விடுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம் விட வேண்டும். நான் இரண்டு நாள் விடுவேன். பிறகு தூக்கிப் பாருங்கள். பொலித்தீனின் அடியில் நீர்த்துளி நின்றாலோ, அந்த இடத்துச் சீமெந்து சுற்றியுள்ளதை விடக் கறுத்திருந்தாலோ ஈரம் வருகிறது. ஒரு இடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அறையின் நடு, வெளிச்சுவர்க்கரை, குளியலறை அல்லது கிணற்றடிப் பக்கம் என்று மூன்று இடமாவது வேண்டும். வெயில் விழுகிற இடத்தில் ஒட்ட வேண்டாம், பிழையான முடிவு காட்டும்.

முக்கியமான விசயம்: இதை மாரியில் செய்யுங்கள். ஆவணியில் நான் செய்திருந்தால் என் நிலமும் காய்ந்த நிலம் என்றுதான் காட்டியிருக்கும். கோடையில் செய்த பரிசோதனை கோடையில் மட்டும்தான் உண்மை.

பொலித்தீன் இல்லாமலே சில அடையாளங்கள் தெரியும். மழைக்காலத்தில் நிலத்தில் விரித்துவிட்ட பாயின் அடி பூஞ்சணம் பிடிக்கிறதா? அலுமாரிக்கு அடியில் மணம் வருகிறதா? சுவரின் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா? பழைய ஆட்கள் நெல்மூட்டையையும் அரிசி மூட்டையையும் ஏன் பலகைக்கு மேல் வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நிலம் தண்ணீர் விடும் என்று தெரியும்.

குருநகர், நாவாந்துறை, தீவுப்பகுதி மாதிரிக் கடலும் கடல்நீரேரியும் பக்கத்தில் இருக்கிற இடங்களில் இன்னொன்றும் உண்டு. கடல் மண் கலந்து கட்டிய வீடென்றால் சீமெந்துக்குள்ளேயே உப்பு இருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைக் கூட இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த வீடுகளில் நான் வினைல் ஒட்டச் சொல்வதே இல்லை.

எங்கள் வீட்டுக்குள் 2008 இல் வெள்ளம் வந்தது. இப்போது நிலம் காய்ந்துதான் இருக்கிறது. ஒட்டலாமா?

நிஷா புயல் மழையைச் சொல்கிறீர்கள். அந்த வெள்ளத்தின் ஈரம் எப்போதோ போயிருக்கும். ஆனால் தண்ணீர் ஒருமுறை ஏறிய வளவு தாழ்வான வளவு. 2020 டிசெம்பரில் புரெவி புயல் நேரம் முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். வீட்டுப் படி வரை வந்திருந்தால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

பரிசோதனையில் ஈரம் காட்டிவிட்டது. வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. நிலத்தைக் கிரைண்டரால் உரசிச் சொரசொரப்பாக்கி, இரண்டு பாகமாகக் கலக்கிற எபொக்சிப் பூச்சை ஈரத்தடையாகப் பூசலாம். அல்லது பழைய நிலத்தின் மேல் தடித்த பொலித்தீன் விரித்து, அதற்கு மேல் புதிதாக ஒரு சீமெந்துப் படை போடலாம். முதலாவது விலை கூட, பூசியதில் சின்ன இடம் தவறினாலும் ஈரம் அங்கே வரும். இரண்டாவதில் நிலம் இரண்டு அங்குலமாவது உயரும், கதவெல்லாம் சீவ வேண்டும். இரண்டிலும் நடுவில் வரவிடாமல் தடுத்த ஈரம் சுவர்க்கரையால் வெளியேறப் பார்க்கும்.

இவ்வளவு செலவழிக்கத் தயாரென்றால் அந்தக் காசுக்கு மாபிளே பதித்துவிடலாம் என்பது என் எண்ணம். ஈரம் மாபிளைத் தூக்காது. இல்லையென்றால் சீமெந்து நிலத்தை அப்படியே விட்டு நல்ல பாய் ஒன்று வாங்கி விரியுங்கள்.

மேல்மாடியில்?

யாழ்ப்பாணத்தில் இந்த டைல்ஸுக்கு மிகப் பொருத்தமான இடம் மேல்மாடி அறைதான். கீழே மண் இல்லை, கிணறு இல்லை. கூரை ஒழுகாமல், யன்னலால் சாரல் அடிக்காமல் இருந்தால் போதும். நான் செய்த அறைகளில் இன்றைக்கும் ஒரு டைல் அசையாமல் இருப்பவை எல்லாம் மாடியில் இருப்பவைதான்.

எந்த மாதம் ஒட்டுவது நல்லது?

மாரியில் பரிசோதித்து, மாசி பங்குனியில் ஒட்டுங்கள். தைப்பொங்கலுக்கு வீடு புதுசாக இருக்க வேண்டும் என்று மார்கழியில் அவசரப்படுகிறவர்கள் அதிகம். அதுதான் வருடத்திலேயே மோசமான நேரம். வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் செம்மண் புழுதி யன்னலால் உள்ளே வந்து பசையில் ஒட்டும். அந்த மாதங்களில் செய்வதென்றால் யன்னலைச் சாத்திவிட்டுச் செய்ய வேண்டும், வியர்த்துக் கொட்டும்.

எப்போது ஒட்டினாலும் டைல் பெட்டிகளை அந்த அறைக்குள்ளேயே இரண்டு நாள் படுக்கையாக வைத்திருங்கள். வினைல் சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்ததை அன்றைக்கே ஒட்டினால், பிறகு சுருங்கி இடைவெளி விடும்.

எங்களுடையது சிவப்புச் சீமெந்து நிலம். அம்மா நாற்பது வருடம் மான்சன் பொலிஷ் போட்டு மினுக்கினது. அதன் மேல் ஒட்டலாமா?

முதலில் ஒரு சொல். அப்படி ஒரு நிலம் இன்று யார் கேட்டாலும் போட்டுத் தர ஆளில்லை. அதை மூட ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். வெடிப்பு விழுந்து மோசமாகிவிட்டது என்றால் சரி.

பொலிஷ் என்றால் மெழுகு. மெழுகின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. நாற்பது வருட மெழுகு மேலே மட்டும் இல்லை, துளைகளுக்குள்ளும் போயிருக்கும். டர்பன்டைன் நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுக்க வேண்டும். துணி சிவப்பாக வருவது நிற்கும் வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். யன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, சுருட்டு எதுவும் பக்கத்தில் கூடாது. நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, வெறும் தண்ணீரால் கழுவி, நாலைந்து நாள் காய விட வேண்டும்.

மெழுகு போய்விட்டதா என்று பார்க்க நிலத்தில் சில துளி தண்ணீர் விடுங்கள். துளி முத்தாக நின்றால் இன்னும் மெழுகு இருக்கிறது. சில நிமிடத்தில் உறிஞ்சிவிட்டால் பசை பிடிக்கும். இழைத்துப் பளபளப்பாக்கிய நிலமென்றால் மெழுகு போன பிறகும் உறிஞ்சாது. அப்போது மேற்பரப்பை உரசிவிட வேண்டும். உரசும்போது மூக்கு வாயை நல்ல முகக்கவசத்தால் மூடுங்கள், சீமெந்துத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

புதிதாகக் கட்டின வீடு. கொங்கிரீட் போட்டு 28 நாள் முடிந்துவிட்டது. போதும்தானே?

போதாது. 28 நாள் என்பது கொங்கிரீட் பலம் பிடிப்பதற்குச் சொல்கிற கணக்கு. காய்வதற்கு வேறு கணக்கு. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்று தோராயமாகச் சொல்வார்கள். 4 அங்குலம் போட்டிருந்தால் 4 மாதம், அதுவும் நடுவில் மாரி வராவிட்டால். புதுச் சீமெந்தின் காரமும் கடுமை, பிஎச் அளவில் 12, 13 இருக்கும். எங்கள் ஊரில் குடிபூரலுக்கு நாள் குறித்துவிட்டுத்தான் நிலத்தைப் பற்றி யோசிக்கிறோம். குடிபூரலை வெறும் நிலத்தில் நடத்துங்கள், ஒரு மாரி போன பிறகு ஒட்டுங்கள்.

வெடிப்பு, பள்ளம், மேடு?

நீளமான மட்டப்பலகை ஒன்றை நிலத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். 10 அடிக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் சரிப்படுத்த வேண்டும். மேட்டை உரசுங்கள். பள்ளத்தையும் வெடிப்பையும் நிலத்துக்கென்று விற்கிற சீமெந்துக் கலவையால் நிரப்புங்கள். சுவருக்குப் பூசுகிற புட்டி வேண்டாம், நடக்க நடக்கத் தூளாகும். வெடிப்பு ஒவ்வொரு வருடமும் அகலிக்கிறதென்றால் அது அத்திவாரத்தின் நோய். டைல் ஒட்டி மறைக்கிற வேலை இல்லை. வெடிப்பால் கறையான் ஏறுகிற வீடுகளில் அதை முதலில் பார்க்க வேண்டும்.

பசை ஏற்கனவே இருக்கிறதே. பிரைமர் ஏன்?

சீமெந்து நிலத்தை எவ்வளவு கூட்டினாலும் மெல்லிய தூள் விட்டுக்கொண்டே இருக்கும். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டும். டைலின் பசை நிலத்தைப் பிடிப்பதற்குப் பதில் அந்தத் தூளைப் பிடித்துக்கொள்ளும். பிரைமர் பூசினால் தூள் கட்டுப்படும், துளைகள் அடைபடும். பால் மாதிரி இருக்கிற அக்ரிலிக் பிரைமரை உருளைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்தால் நிறம் போய்த் தெளிவாகும். டின்னில் போட்டிருக்கிற நேரத்தைப் பார்த்து இரண்டாவது தடவை பூசுங்கள்.

பிரைமருக்குப் பதிலாகத் தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசலாம் என்று ஒரு யோசனை உலாவுகிறது. செய்ய வேண்டாம். ஈரம் பட்டால் அது திரும்ப இளகும். கரைப்பான் மணம் வருகிற சப்பாத்துப் பசையும் கூடாது. வினைலையே மெதுவாக்கி நெளிய வைத்துவிடும்.

எத்தனை டைல் வாங்க வேண்டும்?

10க்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி, 12 அங்குல டைல் 120. வெட்டிக் கழிவதற்குப் பத்துக்கு ஒன்று கூட்டி 132. நான் இன்னும் ஐந்தாறு எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவேன். பிறகு ஒன்று பழுதானால் அதே நிறம் கடையில் கிடைக்காது. பெட்டிகளில் உள்ள தொகுதி இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். வேறு வேறு தொகுதியில் நிறம் ஒரு சொட்டு வித்தியாசப்படும், வீட்டு வெளிச்சத்தில்தான் அது தெரியும்.

சுவரோரத்தில் தொடங்குவதா, நடுவிலா?

நடுவில். சுவரை நம்பாதீர்கள். எங்கள் பழைய வீடுகளில் நாலு மூலையும் சரியான மூலைமட்டமாக இருக்கிற அறையை நான் இன்னும் காணவில்லை. சுவரைப் பிடித்துத் தொடங்கினால் பத்தாவது வரிசையில் கோணல் வெளிச்சமாகத் தெரியும்.

எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளை இணைத்துச் சோக்குத்தூள் பூசிய நூலை இழுத்துச் சுண்டிவிட்டால் கோடு விழும். மற்றப் பக்கமும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்திலிருந்து ஒரு கோட்டில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் அளந்து குறியிடுங்கள். இரண்டு குறிக்கும் இடையில் சரியாக 5 அடி இருந்தால் மூலைமட்டம் சரி. இல்லையென்றால் ஒரு கோட்டைத் திருத்துங்கள்.

பிறகு தாளை உரிக்காமலே ஒரு வரிசையைச் சுவர் வரை அடுக்கிப் பாருங்கள். சுவரோரத்தில் பாதிக்கும் குறைவான துண்டு வந்தால் கோட்டை அரை டைல் தள்ளிப் போடுங்கள். இரண்டு அங்குலக் கீலம் பார்க்கவும் அழகில்லை, முதலில் எழும்புவதும் அதுதான். வாசலால் உள்ளே வருகிறவர் கண்ணில் படுகிற பக்கம் முழு டைல் வருகிற மாதிரிப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் துண்டு கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ஒட்டுகிற நேரம் வரை தாளை உரிக்காதீர்கள். டைலின் பின்னால் அம்புக்குறி இருந்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், அல்லது பெட்டியில் சொன்னபடி மாறி மாறி வைக்க வேண்டும். பக்கத்து டைலின் விளிம்போடு ஒரு கரையை முட்ட வைத்து, மற்றக் கரையை மெல்ல இறக்குங்கள். வைத்துவிட்டுத் தள்ளக் கூடாது. தள்ளினால் பசை விளிம்பில் குவிந்து வெளியே பிதுங்கும், பிறகு அந்த இடத்தில் கறுப்புக் கோடாக அழுக்குச் சேரும். நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள்.

இந்தப் பசை அழுத்தத்துக்குத்தான் பிடிக்கும். வெளிநாட்டில் 45 கிலோ வரை பாரமான உருளையை உருட்டுகிறார்கள். இங்கே அது தேடிப் பிடிப்பது கஷ்டம். நான் கைக்கு அடக்கமான இறப்பர் உருளையில் முழங்காலூன்றி உடல் பாரத்தைக் கொடுத்து உருட்டுவேன். அதுவும் இல்லையென்றால் துணி சுற்றிய பலகைத் துண்டின் மேல் ஏறி நில்லுங்கள். ஒருவர் நிறைந்த காஸ் சிலிண்டரை உருட்டலாமா என்று கேட்டார். தயவுசெய்து வேண்டாம்.

தாள்களை உடனே ஒரு சாக்கில் போடுங்கள். அந்தத் தாள் வழுக்குகிற மாதிரி எண்ணெய் கூட வழுக்காது. என் மருமகன் அதில் மிதித்து விழுந்ததில் ஒரு நாள் வேலை நின்றது.

ஓரத் துண்டுகளை வெட்டுவது?

கத்தரிக்கோலால் அல்ல. பிளேட் மாற்றக்கூடிய கட்டரும் இரும்பு அடிமட்டமும் போதும். முகப்பில் ஆழமாக ஒரு கீறல் போட்டு மடித்தால் முறியும். சுவரோடு ஒரு பென்சில் தடிப்புக்கு இடைவெளி விடுங்கள், அடிச்சுவர்ப் பட்டி மூடிவிடும். கதவு நிலையைச் சுற்றி வளைத்து வெட்டுவதற்குத் தடித்த காகிதத்தில் மாதிரி எடுத்து, அதை டைலின் மேல் வைத்துக் கீறுங்கள். வினைல் விறைப்பாக இருந்தால் ஹெயார் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் கத்தி சுகமாக இறங்கும்.

குசினி, விறாந்தை, சாமியறை?

விறாந்தை வேண்டாம். வெயில் நேரே விழுந்தால் பசை இளகும், நிறம் மங்கும், டைல் நகர்ந்து இடைவெளி விடும். மேற்குப் பார்த்த யன்னலுக்கு அடியிலும் இதே கதைதான், திரை போட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறை வேண்டவே வேண்டாம். குசினியில் விறகடுப்பு என்றால் வேண்டாம், ஒரு நெருப்புப்பொறி போதும். காஸ் அடுப்பும் காய்ந்த நிலமும் என்றால் செய்யலாம், ஆனால் பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

சாமியறையில் கற்பூரத்தட்டும் சாம்பிராணிச் சட்டியும் நேரே நிலத்தில் வைக்கிற பழக்கம் இருக்கிறது. வினைல் உருகி வட்டமாகக் கருகும். ஒரு மாபிள் துண்டை அடியில் வையுங்கள். நுளம்புச்சுருளும் அப்படித்தான். நான் பார்த்த பழுதான டைல்களில் பாதி, படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் சுருள் விழுந்து கருகினவை.

இரவில் மோட்டார் சைக்கிளை ஹோலுக்குள் ஏற்றி விடுவோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ரயரிலுள்ள இறப்பரில் இருக்கிற இரசாயனம் வினைலுக்குள் ஊறி மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ கறை பிடிக்கும். அது மேலே படிந்த அழுக்கில்லை, என்ன போட்டுத் தேய்த்தாலும் போகாது. அடியில் இறப்பர் உள்ள கால்மிதியும் இதையேதான் செய்யும். சைக்கிள் நிற்கிற இடத்துக்கு ஒரு பலகை போடுங்கள், ஸ்ராண்ட் குத்துகிற இடமும் தப்பும். பிரிட்ஜ், அலுமாரிக் கால்களுக்கு அடியிலும் அகலமான தட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழி விழும்.

எப்படிக் கழுவுவது?

வாளியால் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தள்ளுகிற கழுவல் இனி இல்லை. இதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தைப்பொங்கலுக்கு முதல் நாள் நீங்கள் கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து ஊற்றிவிடுவார்கள். பொருத்துகளால் இறங்குகிற தண்ணீரும் கீழிருந்து வருகிற ஈரமும் பசைக்கு ஒன்றுதான்.

ஒட்டி ஐந்து நாள் ஈரத்துணியே படக் கூடாது. அதன் பிறகு நன்றாகப் பிழிந்த துணியும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். எறும்பு வராமலிருக்கத் துடைக்கிற தண்ணீரில் மண்ணெண்ணெய் விடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டும். பொருத்துகளில் பசையைக் கரைக்கும். பொலிஷும் தேவையில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் துடைத்த இடம் காய்ந்ததும் வெள்ளை பூத்த மாதிரி இருக்கும், உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்தால் சரி.

பழைய மாபிளுக்கு மேல் ஒட்டலாமா?

மாபிள் ஆடாமல், மெழுகு எண்ணெய் இல்லாமல் இருந்தால் ஒட்டலாம். மாபிளுக்கு இடையிலுள்ள பொருத்துப் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்காவிட்டால் சில மாதத்தில் அந்தக் கட்டங்கள் எல்லாம் வினைலில் பதிந்து தெரியும். தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் வருகிற மாபிளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை நிரப்புங்கள்.

நாங்கள் வெளிநாட்டில். வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். போய் நிற்கும்போது ஒட்டிவிட்டு வரலாமா?

ஆடி ஆவணி விடுமுறையில் வந்து, காய்ந்த நிலத்தைப் பார்த்து, இரண்டு கிழமைக்குள் ஒட்டிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். நான் செய்த அதே பிழை. அதோடு யன்னல் எல்லாம் பூட்டு, காற்றோட்டம் இல்லை. அடுத்த ஆடியில் கதவைத் திறக்கும்போது பூஞ்சண மணம் முகத்தில் அடிக்கும். கார்த்திகையில் அயலவர் ஒருவரைக் கொண்டு பொலித்தீன் பரிசோதனை செய்வித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல முடிவு வந்தால் அடுத்த வருகையில் ஒட்டலாம். கிழமைக்கு ஒரு தடவை வீடு திறந்து கூட்ட ஆள் வேண்டும்.

கனடாவில் அண்ணாவின் பழைய வீட்டு நிலவறையில் 9 அங்குல டைல்ஸ் இருக்கிறது. அதை உரித்துவிட்டுப் புதிது ஒட்டப் போகிறாராம்.

உரிக்க வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். வட அமெரிக்காவில் பழைய 9 அங்குல டைல்களிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும், தூசியாகச் சுவாசித்தால் நெஞ்சுக்குக் கேடான அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருக்கக் கூடும். முதலில் அங்கே பரிசோதிக்க வேண்டும்.

வாடகை வீட்டில் ஒட்டினால் போகும்போது கழற்றலாமா? பழுதான ஒன்றை மட்டும் மாற்றலாமா?

கழற்றலாம். ஆனால் டைல் வந்துவிடும், பசை வராது. அதனால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். "ஒட்டித் தாங்கோ, நல்லது" என்பார்கள். கழற்றும்போது நிலம் பிசுபிசுவென்று கிடந்தால் முற்பணத்தில் கழிப்பார்கள்.

ஒன்றை மட்டும் மாற்ற, ஹெயார் டிரையரை ஒரு மூலையில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, தகட்டுக் கரண்டியை மெல்ல நுழைத்துத் தூக்குங்கள். பக்கத்து டைலின் விளிம்பில் சூடு படாமல் ஒரு பலகைத் துண்டை வைத்து மறையுங்கள். கீழே மிஞ்சிய பசையையும் சூடு காட்டிச் சுரண்டுங்கள். கடைசிப் பிசுக்கைத் துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு எடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டுப் பிரைமர் பூசுங்கள். பிறகு அலுமாரிக்கு மேல் எடுத்து வைத்திருக்கிற அந்த ஐந்தாறில் ஒன்றை இறக்குங்கள்.